ரிஜெக்ட் அண்ணனும் பெயரில்லாத படமும்

கெடா மாநிலத்திலேயே அதிகமான பேரைப் பயமுறுத்திய மனிதர் ரிஜெக்ட் அண்ணன்தான். எந்தக் கோயில் வாசலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பல்லி, பல் வைத்தியர், வருமான வரிக் கடிதம், கூலிம் சாலையில் பின்னால் ஒட்டிக்கொண்டே வரும் லாரி என்று என் பட்டியல் நீளமானது. அந்தப் பட்டியல் மொத்தமும் ஒன்றாகச் சேர்ந்து எங்கள் அலுவலக மாடிப்படியில் ஏறி வந்தாலும், வியாழக்கிழமை மதியம் கேட்கும் 'டொக், டொக்' என்ற அந்தக் கோல் சத்தத்துக்கு ஈடாகாது.

அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பாடாங் செராயில் ஒரு மோட்டார் சைக்கிள் சாமான் கடைக்கு மேல்மாடி. திலகா அக்கா முதலாளி, நான் தொழிலாளி, அதோடு கம்பெனி முடிந்தது. கல்யாண மண்டபம், பூக்கடை, சமையல் கான்டிராக்டர் என்று சுற்று வட்டாரத்தில் யார் கேட்டாலும் இணையத்தில் அகப்பக்கம் செய்து கொடுப்போம். கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. வியாழன் மதியம் எல்லாரும் வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில் இருக்கும்போது பார்த்து அவர் வருவார். நான்காவது படியில் கோல் சத்தம் கேட்டதும் அக்கா கழிப்பறைக்குப் போய்விடுவார். முதலாளிக்குக் கழிப்பறை இருந்தது, எனக்கு அதுவும் இல்லை.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. கூலிம் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவர் என்பது மட்டும் தெரியும். கடுகை விடச் சின்னச் சாமானையெல்லாம் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, நல்லது என்றால் வலது தட்டு, குறை என்றால் 'ரிஜெக்ட்' என்று சொல்லி இடது தட்டு. இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி வந்து இரண்டு கண்ணையும் எடுத்துக்கொண்டது. கண்தான் போனதே ஒழிய வேலை போகவில்லை. அதற்குப் பிறகு உலகம் முழுவதையும் காதால் தரம் பார்க்க ஆரம்பித்தார்.

முதல் தடவை அவர் வந்தது சண்டை போட. தங்கச்சி மகள் கல்யாணத்துக்காக, நாங்கள் செய்த மண்டபத்து அகப்பக்கத்தில் தேதி பதியப் போயிருக்கிறார்.

"தேதி போடுற பொட்டிக்குள்ள போனேன்மா. ரெண்டு மணி நேரம் ஆச்சு, வெளிய வர முடியல. எந்த விசையை அழுத்துனாலும் ஜனவரி, பிப்ரவரி, மறுபடி ஜனவரி. இது மண்டபமா, லாக்கப்பா?"

"மவுஸ எடுத்து வெளிய ஒரு கிளிக் பண்ணா வந்துருலாம்ண்ணே," என்றேன், நாக்கு ஒட்டிக்கொள்ள.

"எந்தப் பக்கம்மா வெளிய?"

நான் கையை நீட்டிக் காட்டினேன். காட்டிய பிறகுதான் யாருக்குக் காட்டுகிறேன் என்று உறைத்தது. அவர் மேசையைத் தடவி என் கணினித் திரையின் பொத்தானைக் கண்டுபிடித்து அணைத்துவிட்டு, மவுஸையும் தூக்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இப்ப நீ புக் பண்ணு. ஒம் பக்கம்தானே, ஒனக்குத் தெரியாதா?"

அவருடைய கைப்பேசியில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் செயலி ஒன்று உண்டு. அதை அவர் வைத்திருக்கும் வேகத்தில் கேட்டால், கடலை வறுக்கும் சட்டிக்குள் ஒரு பெண் அகப்பட்டுக்கொண்டது போல இருக்கும். அதே செயலியை என் கணினியிலும் போட்டுவிட்டார். இருட்டுத் திரைக்கு முன்னால், நானே கட்டிய மண்டபத்துக்குள் நான் நாற்பது நிமிடம் அலைந்தேன். கதவும் தெரியவில்லை, சன்னலும் தெரியவில்லை. நெற்றியில் வேர்த்து வழிந்தது. கடைசியில் அழுகை வந்தது.

"பயமா இருக்கா?" என்றார்.

"ஆமாண்ணே."

"ரிஜெக்ட்," என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பல் வைத்தியர் 'இது கொஞ்சம் வலிக்கும்' என்று சொல்வாரே, அந்தக் குரல்.

அன்றே திலகா அக்கா அவரை வாராவாரம் வரச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு பக்கத்தையும் வெளியிடும் முன் அவர் சோதித்து முடிவு சொல்ல வேண்டும். எதற்கக்கா இந்த வேலை என்று நான் கேட்டதற்கு, "அவரு வெளிய நின்னு கொற சொன்னா ஊருக்கே கேக்கும். உள்ள வந்து சொன்னா ஒனக்கு மட்டும்தானே கேக்கும்," என்றார். 'ஒனக்கு' என்பதை அழுத்திச் சொன்னார்.

இரண்டாவது ரிஜெக்ட் தமிழாலேயே வந்தது. மண்டபத்துக்காரர் கொடுத்த தமிழ் வாசகத்தைப் பழைய எழுத்துரு ஒன்றில் அடித்திருந்தோம். கண்ணுக்கு அது முத்து முத்தான தமிழ். உள்ளே பார்த்தால் ஆங்கில எழுத்துகள்தான் தமிழ் வேஷம் கட்டிக்கொண்டு நிற்கும். பார்க்கிறவர் ஏமாறுவார், வாசிக்கிற செயலி ஏமாறாது. அடுத்த வியாழன் படியேறி வந்தவர் வாசலில் நின்று இரண்டு கையையும் குவித்தார்.

"டி ஸெட் எஃப் செமிகோலன் எஃப் கே செமிகோலன்."

"என்னாண்ணே சொல்றீங்க?"

"வணக்கம் சொல்றேன்மா. ஒங்க மண்டபத்துல அப்படித்தான் சொல்லி வரவேற்கிறாங்க."

முழுப் பக்கத்தையும் புதிதாக அடித்துத் திருத்தினோம். அவர் மட்டும் திருந்தவில்லை. மூன்று மாதம் எல்லாருக்கும் அந்த வணக்கம்தான். ஒருநாள் பூக்கடைக்காரர் வந்திருந்தார். கம்ப்யூட்டர்காரர்களுடைய மந்திரம் என்று நினைத்துக்கொண்டு, பயபக்தியோடு பதிலுக்கு அவரும் 'செமிகோலன்' என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

தன் கண்ணுக்கு மட்டும் நியாயம் கேட்பவர் என்றால் எப்படியாவது சமாளித்திருக்கலாம். அவர் ஒரு பட்டாளத்துக்கே வக்கீல். கை நடுங்கும் ஒரு பெரியவருக்காக, "பொத்தான் கொசு சைஸ்ல இருக்கு, எப்புடி அமுக்குவாரு?" என்பார். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு பஸ் கண்டக்டருக்காக, "சிவப்பா இருக்கிறத கட்டாயம் எழுதணும்னு போட்டிருக்க, அவன் எதைச் சிவப்புன்னு கண்டான்?" என்பார். சொன்னால் எங்களுக்கு ஏறாது என்று, கீழ்க்கடையிலிருந்து ஒரு ஹெல்மெட்டும் மெக்கானிக் போடும் தடித்த கையுறையும் கொண்டு வந்தார். ஹெல்மெட் கண்ணாடியில் கிரீஸ் தடவி அக்கா தலையில் மாட்டினார். கையுறை எனக்கு. இதோடு பூக்கடை அகப்பக்கத்தில் ஒரு மாலை வாங்கிக் காட்ட வேண்டும். அக்கா கண் மங்கித் தடவிக்கொண்டே 'மாலை எங்கடி, மாலை எங்கடி' என்று கேட்க, நான் தடித்த விரலால் ஒரு மாலைக்குப் பதில் நூற்றுப் பதினோரு மாலையை அமுக்கி வைக்க, சரியாக அந்த நேரம் பார்த்து முதன்முதலாக எங்களைத் தேடி வந்த ஒரு பெரிய கம்பெனிக்காரர் கதவைத் திறந்தார். ஹெல்மெட்டோடு நின்ற முதலாளியைப் பார்த்து, கொள்ளைக்காரர்கள் என்று நினைத்துக் கையைத் தூக்கினார். அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை.

எல்லாவற்றையும் விட எனக்குக் கிலி கொடுத்தது "என்னா படம்?" என்ற கேள்விதான். அகப்பக்கத்தில் போடும் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு விளக்க வரி எழுத வேண்டும். பார்க்க முடியாதவருக்குச் செயலி அதைத்தான் வாசித்துக் காட்டும். எழுதாமல் விட்டால் 'படம்' என்று சொல்லி, கோப்பின் எண்ணை மட்டும் ஒப்பித்துவிட்டுப் போய்விடும். அவர் அதைத் தெருவிலும் விடமாட்டார். மாமாக் கடை என்று நாங்கள் சொல்லும் பாய் சாப்பாட்டுக் கடையில் சுவரைத் தட்டி, காலண்டர் இருப்பது தெரிந்ததும், "பாய், என்னா படம்?" என்பார். கடைக்காரர் பாயோ, இவர் சினிமா கேட்கிறார் என்று நினைத்து, அந்த வாரம் எந்தக் கொட்டகையில் என்ன ஓடுகிறது என்று கதையோடு சொல்லி முடிப்பார்.

மண்டபத்துப் படம் ஒன்றுக்கு நான் 'அழகிய மணமேடை' என்று எழுதினேன். ரிஜெக்ட்.

"படத்துல உள்ளத எழுதும்மா. அழகுங்கிறது ஒன் அபிப்பிராயம். எத்தன தூண் இருக்கு? என்னா கலர்? படி இருக்கா இல்லியா? எங்கம்மா மேடையில ஏறுறப்ப அழகுலயா தடுக்கி விழுவாங்க, படியிலதானே?"

அதோடு தொழிற்சாலையில் படித்த இன்னொரு பாடத்தையும் அடிக்கடி சொல்வார். "சாமான் ரிஜெக்ட் ஆச்சுன்னா சாமானையே பாத்துக்கிட்டு நிக்காத. அத அனுப்புன லைன்ல என்னா நடந்துச்சுன்னு போய்ப் பாரு." எனக்கு அது புரியவும் இல்லை, புரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்பதுதான் என் கவலை.

அவர் குடியிருந்தது யான் பக்கம், குனோங் ஜெராய் மலையின் அடிவாரத்தில், ஓர் ஓடையை ஒட்டிய ஐந்து வீட்டு வரிசையில் கடைசி வீட்டில், தனியாக. அங்கிருந்து இரண்டு பஸ் மாறித்தான் எங்களை மிரட்ட வருவார். மலையில் பெருமழை பெய்தால் அந்த ஓடையில் தண்ணீர் மரத்தையும் கல்லையும் உருட்டிக்கொண்டு இறங்கும். அந்த வட்டாரத்துக் குடியிருப்பாளர் சங்கத்துக்காக, மழை எச்சரிக்கை சொல்ல ஓர் அகப்பக்கம் செய்யும் வேலையை அவரே பிடித்து வந்தார். சங்கச் செயலாளர், தோட்டத்து ஆபீசில் கிராணியாக எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிராணி ஐயா என்று அழைப்போம். ஒரு கமா விட்டுப்போனால் இரவு தூங்காத மனிதர்.

ரிஜெக்ட் அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். விளக்க வரி எழுதாமல் யாரும் அங்கே படம் ஏற்ற முடியக்கூடாது. நானும் அப்படியே ஒரு பூட்டுப் போட்டேன். படத்தைக் கொடுத்தால், 'இதில் என்ன இருக்கிறது?' என்று கேட்கும், எழுதினால்தான் ஏறும். அவர் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து சோதித்தார். நான் வழக்கம் போல நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"பாஸ்," என்றார்.

கழிப்பறைக்குள் இருந்த அக்கா வெளியே வந்துவிட்டார். எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம். அந்த ஒரு சொல்லுக்காக அன்று மாமாக் கடையில் மூன்று பேருக்கும் முட்டை ரொட்டி வாங்கினேன்.

எட்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கிராணி ஐயா கோயில் கூட்டம், குப்பை லாரி நேரம், கொசு மருந்து என்று ஒவ்வொரு படத்துக்கும் கமா, முற்றுப்புள்ளியோடு விளக்கம் எழுதினார். பிறகு ஒரு வியாழன் மாலை, ரிஜெக்ட் அண்ணன் படியிறங்கிப் போன பத்தாவது நிமிடம், கிராணி ஐயா போன் செய்தார்.

"அம்மா, நான் வயசானவன். ஒவ்வொரு தடவையும் என்னா இருக்கு, என்னா இருக்குன்னு அது புடிச்சிக்கிட்டு நிக்குதும்மா. இப்ப மக புதுப் போன் வாங்கிக் குடுத்திருக்கா. படத்துலயே எழுத்தெல்லாம் அழகா வருது. அத எடுத்து விட்டுரு லா."

பயந்தாங்கொள்ளிகளுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் இருப்பவர் கொஞ்சம் அலுத்துக்கொண்டாலே 'சரி' என்று சொல்லிவிடுவோம். நானும் 'சரிங்கய்யா' என்றேன். இரண்டே வரி மாற்றினேன், பூட்டு திறந்துகொண்டது. ரிஜெக்ட் அண்ணனிடம் அடுத்த வியாழன் சொல்லிக்கொள்ளலாம், அதுவரை தெரியப்போவதில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வியாழனுக்கு முன்னால் ஞாயிறு வந்தது. வேலை நாள். பாடாங் செராயில் வெயில் கொளுத்தியது. மதியச் சாப்பாட்டுக்கு இறங்கியவள் வடமேற்கே பார்த்தேன். ஜெராய் மலை இருந்த இடத்தில் மலை இல்லை. கருமேகம் மட்டும் தரை வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது.

மேலே ஓடி வந்து சங்கத்துப் பக்கத்தைத் திறந்தேன். முழுத் திரைக்கும் ஒரு படம். சிவப்புப் பின்னணி, அதில் கொட்டை எழுத்து: மலையிலிருந்து நீர் இறங்குகிறது, ஓடையோரத்தில் உள்ளவர்கள் உடனே வெளியேறவும், பள்ளி மண்டபத்துக்குச் செல்லவும். கிராணி ஐயா ஏற்றி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அந்தப் படத்தின் விளக்க வரியைத் தேடினேன். காலியாக இருந்தது. கண் உள்ள அத்தனை பேருக்கும் கத்திச் சொன்ன அந்தப் பக்கம், அவருக்கு மட்டும் 'படம், ஐ எம் ஜி, நாலு, ஏழு' என்று ஓர் எண்ணைச் சொல்லியிருக்கும்.

விளக்கத்தை எழுதிச் சேர்த்தேன். எழுதும்போதே அவர் இனி அந்தப் பக்கத்தை மறுபடி திறப்பாரா என்ற கேள்வி வந்தது. அவருக்குப் போன் செய்தேன். தொடர்பில் இல்லை என்று மலாயில் ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி. மறுபடியும் அதே குரல். கிராணி ஐயாவின் எண் இடைவிடாமல் வேறு அழைப்பிலேயே இருந்தது.

"அக்கா, பூட்டை நான்தான் எடுத்தேன்," என்றேன்.

திலகா அக்கா என்ன பூட்டு என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தார்.

சுங்கை பட்டாணி தாண்டும்வரை வெயில். அதற்கு மேல் மழை. கண்ணாடித் துடைப்பான் அடித்த அடியில் சாலை விட்டுவிட்டுத் தெரிந்தது. நான் கடலை வறுக்கும் அந்தக் குரலையே மனத்துக்குள் கேட்டுக்கொண்டு வந்தேன். ஐ எம் ஜி, நாலு, ஏழு. ஐ எம் ஜி, நாலு, ஏழு. அவர் அதைக் கேட்டு, 'ரிஜெக்ட்' என்று சிரித்துவிட்டு, வியாழக்கிழமை என்னைத் திட்டுவதற்காக ஞாபகம் வைத்துக்கொண்டு, தேநீர் போட அடுப்படிக்குப் போயிருப்பார். எனக்கு அந்தக் காட்சி அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. தெய்வமே, என்னைத் திட்டட்டும், ஆயுசுக்கும் திட்டட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மலையடிவாரச் சாலைமுனையில் போலீஸ் காரைத் தடுத்தது. அதற்கு அப்பால் சாலையில் செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வேரோடு ஒரு மரம் அதில் போனது. ஓடையோர வீடுகளைப் பற்றி அக்கா கேட்டார். போலீஸ்காரர் தலையை மட்டும் ஆட்டி, பள்ளி மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள் என்றார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன பொருள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மண்டபத்து வாசலில் மேசை போட்டு ஒரு மலாய்க்கார அம்மா பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். யாரைத் தேடுகிறாய், பெயர் என்ன என்று கேட்டார்.

எனக்குப் பெயர் தெரியாது. ஒரு வருஷத்துக்கு மேலாக வாராவாரம் வந்த மனிதர். ஊரில் உள்ள தூணுக்கும் படிக்கும் என்னைப் பெயர் எழுத வைத்தவர். என் கைப்பேசியில்கூட 'ரிஜெக்ட் அண்ணன்' என்றுதான் இருந்தது. 'பாக்சிக் ரிஜெக்ட்', ரிஜெக்ட் மாமா என்று மலாயில் முனகினேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரி, ஆள் எப்படி இருப்பார் என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. படத்தில் உள்ளதை எழுது, அபிப்பிராயம் வேண்டாம். மலாயில் கடகடவென்று சொன்னேன். வயது ஐம்பத்தைந்து இருக்கும். ஒல்லி. வெள்ளைக் கோல், பிடியில் கறுப்பு நாடா சுற்றியிருக்கும். இடது புருவத்தில் தழும்பு. சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருப்பார். பேசும்போது முகத்தை வலது பக்கம் திருப்புவார்.

அந்த அம்மா பேனாவால் மண்டபத்தின் மூலையைக் காட்டினார்.

மனிதர்களும் பாயும் மூட்டையும் அழுகிற பிள்ளைகளுமாக இருந்த இரைச்சலுக்குள், மூலையிலிருந்து கடலை வறுபடும் சத்தம் வந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரை சேறு. யாரோ கொடுத்த போனைக் காதில் வைத்து எதையோ சோதித்துக்கொண்டிருந்தார். நான் போய் அவர் பக்கத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் முகத்தை வலது பக்கம் திருப்பினார். "டி ஸெட் எஃப் செமிகோலன் எஃப் கே செமிகோலன். ஒன் செருப்பு சத்தம்தான்மா இது. எதுக்கு அழுவுற?"

"எப்புடிண்ணே வெளிய வந்தீங்க? அதுல ஒன்னும் எழுதல, வெறும் நம்பர்தானே சொல்லியிருக்கும்."

"அதான்மா வந்தேன்." கோலைத் தொடைக்கு நடுவில் நிறுத்திக்கொண்டார். "எட்டு மாசமா கிராணி ஐயா ஒரு கமா கூட விட்டதில்ல. கொசு மருந்துக்கே நாலு வரி எழுதுவாரு. இன்னைக்குத் தொறக்கிறேன், படம், ஐ எம் ஜி, நாலு, ஏழு. அவ்வளவுதான். நல்ல லைன்லேர்ந்து திடீர்னு கெட்ட சாமான் வந்தா, லைன்ல என்னமோ ஆயிருச்சுன்னு அர்த்தம். அவரே எழுதாம போடுறாருன்னா, கையி பதறியிருக்கு. எதுக்குப் பதறும்? கோயில் கூட்டத்துக்கா? தண்ணிதான்னு கெளம்பிட்டேன்."

போகிற போக்கில் மற்ற நான்கு வீட்டுக் கதவையும் கோலால் இடித்திருக்கிறார். எல்லாருக்கும் நல்ல கண் உண்டு. இரண்டு வீட்டில் போனில் சார்ஜ் இல்லை, ஒரு வீட்டில் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு வீட்டில் தூக்கம். அவர் வந்து கதவை இடித்தால் யார்தான் காரணம் கேட்பார்கள்? குழந்தையும் குட்டியுமாகக் கூடவே கிளம்பிவிட்டார்கள். பாதி வழியில் அவர் போன் தண்ணீரில் விழுந்து போனது. மண்டபத்துக்கு வந்து இருபது நிமிடத்தில் ஓடை அந்த வரிசையின் கடைசி வீட்டுக்குள் புகுந்ததாகப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா சொன்னார்.

"ஒன்னு மட்டும் எனக்குப் புரியல," என்றார் அண்ணன். "பூட்டு இருக்கே. எழுதாம எப்புடி ஏறுச்சு?"

மண்டபத்தில் அத்தனை இரைச்சல் இருந்தும் எனக்கு அந்தக் கேள்வி மட்டும்தான் கேட்டது. பொய் சொல்ல நாக்கு வரை வந்தது.

"நான்தாண்ணே எடுத்தேன். கிராணி ஐயா கேட்டாரு. முடியாதுன்னு சொல்லப் பயமா இருந்துச்சு."

'ரிஜெக்ட்' என்ற அந்தச் சொல்லுக்காக நான் காத்திருந்தேன். ஆயுசில் முதல் தடவையாக அதைக் கேட்க ஆசைப்பட்டேன். அவர் சொல்லவில்லை.

"நானும் பயந்துட்டேன்மா," என்றார் கடைசியில். "அந்த நம்பர் கேட்டப்ப சரி, கெளம்பிட்டேன். ரோட்டுல தண்ணி கணுக்காலுக்கு வந்துச்சு பாரு, அப்ப எந்தப் பக்கம் வெளியன்னு எனக்கே தெரியல. நிஜமாவே பயந்துட்டேன்." கை நீட்டி என் தலையைத் தேடினார், காது கிடைத்தது, அதையே இரண்டு தட்டுத் தட்டினார். "திங்கக்கிழம பூட்டைப் போட்டுரு. பயந்துகிட்டாவது போடு."

அன்று மாலையே அங்கிருந்தபடி போட்டேன். கிராணி ஐயா மண்டபத்துக்குள் வந்து, நடந்ததைக் கேட்டு, என்னைவிட அதிகமாக அழுதார். இனிமேல் படத்துக்கு எட்டு வரி எழுதுவதாகச் சத்தியம் செய்தார். அண்ணன், "நாலு போதும்ங்கய்யா, எட்டுன்னா ரிஜெக்ட்," என்றார். வாசல் மேசையில் இருந்த பட்டியலில் அவருடைய சொந்தப் பெயரையும் அன்றுதான் பார்த்தேன். அது அவருக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை, அதனால் இங்கே எழுதவில்லை.

எங்கள் மாடி அலுவலகம் இப்போது இல்லை. அக்கா சுங்கை பட்டாணிக்குப் போய்விட்டார், நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். அண்ணன் தங்கச்சி வீட்டோடு மேட்டு நிலத்தில் இருக்கிறார். ஓடை பக்கத்தில் இல்லாததால் எங்களை மிரட்ட இன்னும் நிறைய நேரம் கிடைக்கிறது. வியாழக்கிழமை மதியம் போன் அடித்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

சங்கத்து அகப்பக்கத்தில் அந்த நாளின் படம் ஒன்று உண்டு. கிராணி ஐயா மண்டபத்தில் எடுத்தது. விளக்க வரியை நான்தான் எழுதினேன்: 'பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கையில் வெள்ளைக் கோல். முழங்கால் வரை சேறு. இடது புருவத்தில் தழும்பு. பத்திரமாக இருக்கிறார்.'

ஏறிய மறுநாளே போன் வந்தது.

"நாற்காலி சரி. கோல் சரி. சேறு சரி. 'பத்திரமா'ங்கிறது படத்துல எந்த எடத்துலம்மா இருக்கு? அது ஒன் அபிப்பிராயம். ரிஜெக்ட்."

"சரிங்கண்ணே, எடுத்துர்றேன்," என்றேன்.

அவர் ரிஜெக்ட் செய்து நான் திருத்தாமல் விட்டது அந்த ஒன்றுதான். ஒவ்வொரு வியாழனும் கேட்கிறார், ஒவ்வொரு வியாழனும் பயந்துகொண்டே பொய் சொல்கிறேன், அந்த வரி அங்கேயே இருக்கிறது.